விதையையும் சோதிப்போம்
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



பயிர் முளைத்துக் கருகினால் நாம் நிலத்தை மட்டும் குறை கூறுவதில்லை; விதையையும் சோதிக்கிறோம். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு மூன்று முறை கரு கலைந்தால், பழி முழுவதையும் மருமகள்மீதே சுமத்துகிறோம். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகனுக்கு மறுமணம் பேசுவோரும் நம்மிடையே உளர். இது நியாயமா?

கரு கலைவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பார்ப்போம். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உண்டென்பது 1956-ல் உறுதியாயிற்று. 23 தாய் தருவன. 23 தந்தை தருவன. சில ஆடவரிடம் இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி அமைந்திருக்கும். எதுவும் குறையாததால் அவர் திடகாத்திரமாகவே இருப்பார். ஆனால் அவரது விந்தணுவில் ஒரு துண்டு மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் போகலாம். அத்தகைய கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை. இம்மாற்றம் பெண்ணிடமும் இருக்கலாம். மீண்டும் மீண்டும் கரு கலையும் நூறு தம்பதிகளில் ஏறத்தாழ 2 முதல் 5 தம்பதிகளிடம், இருவருள் ஒருவருக்கு இது காணப்படுகிறது.

இதனை அறிய இருவரும் சிறிது இரத்தம் கொடுத்தால் போதும். மாற்றம் இருப்பினும் நம்பிக்கை இழக்க வேண்டா. இத்தகையோரில் பலர் பின்னர் நல்ல குழந்தை பெற்றுள்ளனர்.

ஆகவே, மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் கணவர் வாயிலிலேயே நின்றுவிடாமல் தாமும் உள்ளே செல்லட்டும். இத்தகைய பிராது நம்மிடம் வந்தால், "இருவரும் சோதித்துக்கொண்டீர்களா?" என்று முதலில் கேட்போமாக.