அறுவைக்கு முன்னரே உடலைப் பலப்படுத்துவோம்



குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறிவிட்டால் நம்மவர் உடனே செய்வது என்ன? அவரை வேலைக்குப் போகாமல் நிறுத்திப் பாயில் படுக்க வைக்கிறோம். முட்டை, மீன், இறைச்சி யாவும் ஆகாதென்று விலக்கிக் கஞ்சியே கொடுக்கிறோம். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆயினும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் மூன்று நான்கு வாரங்களில் இந்த அன்பே நோயாளியின் பலத்தைக் குறைத்துவிடக்கூடும்.

தசை என்பது சுமை தூக்குவதற்கு மட்டும் அமைந்ததன்று. உடலின் புரதச் சேமிப்பும் அதுவே. அறுவைப் புண் ஆறுவதற்கும் கிருமிகளை எதிர்ப்பதற்கும் வேண்டிய புரதத்தை, உணவு சரிவரச் செல்லாத நாள்களில், உடல் தன் தசையைக் கரைத்தே எடுத்துக்கொள்கிறது. மூச்சுத் தசைகள் தளர்ந்தால் சளியை இருமி வெளியேற்ற இயலாது. நுரையீரலில் கிருமி பற்றும். புற்றுநோயே தசையைக் கரைக்கும் தன்மையுடையது. அதனுடன் படுக்கையும் சேர்ந்தால்? 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நோயற்ற முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததால் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர்.

கனடாவிலுள்ள மொன்றியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பிராங்கோ கார்லியும் அவர்தம் குழுவினரும், பெருங்குடல் புற்றுநோய் கண்ட 77 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்து, முடிவை 2014இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர் அறுவைக்கு நான்கு வாரம் முன்னதாகவே பயிற்சியும் புரத உணவும் தொடங்கினர். மற்றவர்கள் அறுவைக்குப் பின் தொடங்கினர். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்பதே அளவுகோல். அறுவை முடிந்து எட்டு வாரம் கழிந்தபோது, முந்தித் தொடங்கியவர்களில் 84 விழுக்காட்டினர் பழைய நடைத்திறனை மீண்டும் பெற்றிருந்தனர். பிந்தித் தொடங்கியவர்களில் 62 விழுக்காட்டினரே. 2023இல் வெளியான, பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 251 நோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும், அறுவைக்குப் பின் கடுமையான சிக்கலுக்கு ஆளானோர் பயிற்சி பெறாதவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு. பெற்றவர்களில் 17 விழுக்காடு.

"விடியற்காலை முதல் நிரை நிரையாக மரம் சீவும் எங்களுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உங்கள் கால்கள் உழைத்து உரம் பெற்றவை. அந்த உரத்தைக் காத்திருக்கும் நாள்களில் பாயில் கிடந்து இழக்கலாகாது என்பதே என் வேண்டுகோள்.

முதலில் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். பெருங்குடல் புற்றில் உள்ளே இரத்தம் கசிந்து சோகை உண்டாவதுண்டு. இருதய நோய் உடையோரும் உளர். அவர் இசைவு தந்தபின், நாளும் அரை மணி நேரம் நடக்கலாம். ஒரே மூச்சில் இயலாதெனில் பத்துப் பத்து நிமிடமாக மும்முறை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது தொடைக்கு நல்ல பயிற்சி. இதற்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடுக.

பயிற்சி மட்டும் போதாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம் வரை புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். ஆகவே மீன், கோழி, பருப்பு, தெம்பே ஆகியவற்றையும் வேளைதோறும் பகிர்ந்து உண்ணுதல் வேண்டும். சிறுநீரக நோயாளிகள் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. சுருட்டும் சிகரெட்டும் அன்றே நிற்க வேண்டும். இன்னும் பலம் ஏறட்டும் என்று எண்ணி அறுவை நாளை நீங்களாகத் தள்ளிப் போடுவது கூடவே கூடாது.

அறுவை முடிந்த மறுநாளே தாதியர் நோயாளியை எழுப்பி அமர்த்தி நடக்கச் சொல்வர். "புண் பிரிந்துவிடுமே" என்று உறவினர் தடுப்பதைப் பல வார்டுகளில் காணலாம். தடுக்க வேண்டாம், ஒருபுறம் தாதி பிடிக்க, மறுபுறம் நீங்கள் தோள் கொடுங்கள்.