கழற்ற வேண்டியது கருவியை அல்ல, கூச்சத்தை!

(கீழ்வேளூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



துபாயிலும் சிங்கப்பூரிலும் உறவினர் இல்லாத குடும்பம் நம் பகுதியில் குறைவு. எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு அத்தாவைக் காட்ட, ஒரு தாய் திருச்சி விமான நிலையத்துக்குப் போகிறாள். பிள்ளையின் காதில் காக்ளியர் கருவி. சோதனையில் மணி அடித்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று அஞ்சி, கருவியைக் கழற்றிப் பைக்குள் போடுகிறாள். அந்த நொடியே பிள்ளைக்குத் தாயின் குரல் கேட்காது. கூட்டத்தில் கை நழுவினால் கூப்பிட்டு என்ன பயன்?

காது கேளாமை குற்றமா? கருவி கடத்தல் பொருளா? ஏன் மறைக்க வேண்டும்?

அறுவை சிகிச்சை செய்து தோலுக்கடியில் வைத்தது ஒரு பகுதி. அதன் மெல்லிய கம்பி உள்காது நரம்பைத் தூண்டுகிறது. வெளியே காந்தத்தால் ஒட்டி நிற்பது மறுபகுதி. உள்ளே உலோகம் இருப்பதால் வாயிலில் மணி அடிக்கலாம். அடித்தால் அடிக்கட்டும்! வாயிலைக் கடப்பதால் கருவி கெடாது. காதில் சற்று இரைச்சல் கேட்கலாம், அவ்வளவுதான்.

கருவிக்குரிய அடையாள அட்டையை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். காவலர் கேட்கும் முன்பே காட்டுங்கள். மாற்று பேட்டரிகள் கைப்பையில் இருக்கட்டும். அறிவிப்பு காதில் விழாமல் போகலாம் என்று விமானப் பணியாளரிடம் சொல்லி வையுங்கள். அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் மருத்துவரைக் கேட்காமல் பறக்காதீர்கள்.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. மூளை முடக்குவாதம் கொண்ட ஜீஜா கோஷ் என்ற பெண்மணி, 2012இல் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அத்தோடு விடவில்லை. உச்ச நீதிமன்றம் சென்றார். அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2016இல் அந்நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. உடற்குறையைக் காரணம் காட்டிப் பயணியை மறுக்கக் கூடாது என்று 2022இல் விதியும் திருத்தப்பட்டது.

தமிழகத்தில் 6 வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. மக்கள் பணத்தில் கிடைத்த செவியைப் பைக்குள் பூட்டலாமா?

இளைஞர்களே! உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை பயணம் புறப்பட்டால், "இப்பிள்ளை காதில் காக்ளியர் கருவி உள்ளது" என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி அந்தத் தாயிடம் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. அவள் தலை நிமிர்ந்து வாயிலைக் கடப்பாள்.