ரண சிகிச்சையும் ரசீதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் மேடையில் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் புலவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடு எழுதி வருகிறோம். ஆயினும், நாம் எடுத்துக்கொண்ட பொருள் தமிழுக்குப் புறம்பானதன்று. வள்ளுவப் பெருந்தகை மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டினார். நம் காலத்தில் அந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது. அதுதான் பணம் கட்டும் ஜன்னல். அந்த ஜன்னலின் முன்னே நாம் நின்ற கதையைக் கூறவே இங்கு வந்துள்ளோம்.

நம் தமக்கையார் குடிபாலாவில் வாழ்க்கைப்பட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், மாட்டுக் கொட்டிலருகே வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்தது. அந்நேரத்தில் எங்கே கொண்டு செல்வது என்று எவர்க்கும் புலப்படவில்லை. அண்டை வீட்டார் ஒருவர் சொன்ன தனியார் மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றோம். மறுநாட் காலையில், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் இலட்சம் ஆகும் என்று வாய்மொழியாகக் கூறினர். அறுவை நன்றாக முடிந்தது. அதற்கு அந்த மருத்துவரை நாம் இன்றும் மனத்தால் வணங்குகிறோம். ஆனால் ஏழாம் நாள் வீடு திரும்பும் வேளையில் நீட்டிய பில் 1,98,000 ரூபாய். மைத்துனர் கறவை மாடு இரண்டையும் விற்றார். தமக்கையின் தாலிக்கொடி தவிர மற்ற நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

நாம் தொழிற்பழக்கத்தால் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கினோம். பார்சல் சீட்டைச் சரிபார்ப்பதுபோல் வரி வரியாகப் படித்தோம். எலும்பில் பொருத்திய உலோகத் தகட்டின் விலை மொத்தத் தொகையில் அடங்கும் என்று முன்னர்ச் சொல்லியிருந்தனர். அது தனியாகவும் எழுதப்பட்டிருந்தது. பயன்படுத்தாமல் மருந்துக் கடைக்குத் திருப்பிய ஊசி மருந்துகளின் தொகை கழிக்கப்படவில்லை. அறையை விட்ட நாளுக்கும் முழு வாடகை இருந்தது. பணிவாகவே கேட்டோம். கணக்காளர் பார்த்துவிட்டு, மறுப்பேதும் கூறாமல் 23,400 ரூபாயைக் குறைத்தார்.

மகிழ்ச்சியோடு திரும்பினோம் என்று எண்ணாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் மாந்தோப்பில் கூலி வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய மகனிடம், "தம்பி, நீங்களும் விவரம் கேளுங்கள்" என்றோம். அப்பிள்ளை, "உயிரைக் காத்தவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா ஐயா?" என்று சொல்லிவிட்டு, நிலம் விற்ற பணத்தை எண்ணிக் கட்டினான். அந்தச் சொல் இன்றளவும் நம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது.

அன்பர்களே, நன்றி வேறு, கணக்கு வேறு. திருமலையில் உண்டியற் காணிக்கையைப் பரகாமணியில் எண்ணுகிறார்கள். அடியார்கள் காணும்படியாகவே எண்ணுகிறார்கள். அதனால் ஏழுமலையானுக்கு எந்த இழுக்கும் நேர்ந்துவிடவில்லை. தெய்வத்தின் முன்னிலையிலேயே கணக்குப் பார்க்கலாமெனில், மருத்துவர் முன்னிலையில் பார்ப்பது எங்ஙனம் பிழையாகும்?

மருத்துவமனைகள் யாவும் கொள்ளைக் கூடங்கள் என்று பேசுவதும் நம் நோக்கமன்று. ஓர் அறுவைக்குக் கத்தி பிடிக்கும் கை ஒன்றே போதாது. மயக்க மருந்து கொடுப்பவர், இரவு பகலாக விழித்திருக்கும் செவிலியர், கிருமி நீக்கும் கருவிகள், இரத்தம், பிராணவாயு எனச் செலவுகள் பல உண்டு. அவற்றை மறுப்பவர் அறியாதவர். ஆனால், அச்செலவுகள் எவ்வாறு கூட்டப்படுகின்றன என்பதில்தான் நம் ஐயம். இரயிலில் முதல் வகுப்பில் செல்பவர் மிகுதியாகக் கொடுக்கிறார். படுக்கை மெத்தையாக இருக்கிறது. பல மருத்துவமனைகளிலோ, தனி அறை எடுத்தால் அறை வாடகை மட்டும் உயர்வதில்லை. அதே மருத்துவர், அதே அறுவைக் கூடம், அதே கத்தி. ஆயினும் அறுவைக் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் கூடவே ஏறிவிடுகின்றன. இதை அறியாமல், "அம்மாவுக்குச் சற்று வசதியாக இருக்கட்டும்" என்று அறையை மாற்றிக் கடனில் வீழ்ந்த பிள்ளைகள் பலர்.

விலை குறைக்க இயலாத ஒன்று என்பதும் உண்மையன்று. இதயக் குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு இலட்ச ரூபாய்க்கு மேலும் வாங்கிவந்த காலம் இருந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு 29,600 ரூபாயை உச்ச விலையாக வகுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக் கருவிகளுக்கும் வரம்பு கட்டியது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கொடுப்போரிடம் பெறுவதைக் கொண்டே இல்லாதோர்க்கும் கண்ணொளி தந்து வருகிறது. கண்ணுக்குள் வைக்கும் வில்லையை 1992 முதல் தானே செய்து அதன் விலையையும் வீழ்த்தியது. நம் இரயில்வேயின் பெரம்பூர் மருத்துவமனையில் 1975-இலேயே, இந்நாட்டிற்கே முதலாவதாக, இதய பைபாஸ் அறுவை வெற்றியுடன் செய்யப்பட்டது. தொழிலாளிக்கென்று கட்டிய பொது மருத்துவமனையில் அது நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் நம் தோள் பூரிக்கிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரயில்வே ஊழியராகிய நமக்கும் நம் மனைவி மக்களுக்கும் இலாகாவின் மருத்துவ அட்டை உண்டு. ஆகவே சிகிச்சையின் விலை யாதென்று நாம் இருபதாண்டுக் காலம் எண்ணிப் பார்த்ததே இல்லை. உடன்பிறந்தாள் வீட்டு மாடு விலையாகிய அன்றுதான் கண் விழித்தோம். அது நமது குற்றமே.

அதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. எலும்பு, மூட்டு அறுவைக்கென்றே திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985 முதல் திருப்பதியில் பர்டு மருத்துவமனையை நடத்தி வருகிறது. அதே ஊரில் ஸ்விம்ஸ் உண்டு. ரூயா அரசு மருத்துவமனை உண்டு. தெற்கே, டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. வறியோர்க்குச் செலவைக் குறைத்துச் செய்யும் ஏற்பாடு அங்குண்டு. இத்தனைக்கும் நடுவில் வாழ்ந்தும், அந்த இரவில் ஓரிடத்திலேனும் விசாரிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. பணம் இல்லாததைவிடச் செய்தி தெரியாததே நம்மை அதிகம் வருத்தியது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது குடிபாலாவுக்கும் வேலூருக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. உறவும் பேச்சும் எல்லையைக் கடந்து செல்கின்றன. காப்பீட்டு அட்டை அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. ஆந்திர அரசு 2007-இல் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு 2009 முதல் தன் மக்களுக்குத் தனியாகக் காப்பீட்டுத் திட்டம் நடத்தி வருகிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் வரை அதில் இடமுண்டு. 2024 அக்டோபர் முதல் எழுபது வயது நிறைந்தோர் அனைவரும், வருமானம் எதுவாயினும், அதில் சேரலாம். ஆனால், எந்த அட்டை எந்த மருத்துவமனையில் எந்த அறுவைக்குச் செல்லும் என்பதைப் புறப்படுமுன்பே கேட்டறிய வேண்டும். வண்டி ஏறிய பின் பயணச்சீட்டை ஆராய்வது அறிவுடைமையாகாது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. விபத்தில் அடிபட்டோர்க்கு உடனடிச் சிகிச்சையை மறுக்கலாகாது என 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என 1995-இல் உரைத்தது. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் விதி. விவரமான பில் பெறுவதும், மருந்தை விரும்பிய கடையில் வாங்குவதும் நோயாளியின் உரிமைகள் எனத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் சாசனம் கூறுகிறது.

ஆதலால், அவசரமில்லாத எந்த அறுவைக்கும் முன்னர் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா? அதில் எவை அடங்கும், எவை அடங்கா? அறை மாறினால் வேறு எந்தக் கட்டணம் மாறும்? நம் அட்டை இவ்வறுவைக்குச் செல்லுமா? நாள்தோறும் அன்றன்றைய கணக்கைக் காட்டுவீர்களா? இவ்வைந்தையும் முகம் சுளிக்காமல் கேட்கலாம். நல்ல மருத்துவமனை முகம் சுளிக்காமல் விடையும் கூறும்.

இறுதியாகச் சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். நோயுற்ற குடும்பத்தாருக்கு அவ்வேளையில் கண்ணும் காதும் வேலை செய்வதில்லை. பிறர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். வள்ளுவர் கூறிய நான்காம் கூறாகிய அந்த உடனிருப்போனாக நம் சங்கம் ஏன் ஆகக்கூடாது? எழுதப் படிக்கவும் தெலுங்கு பேசவும் தெரிந்த இருவர் முறைவைத்து முன்வரட்டும். எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை, எந்த அட்டை செல்லும் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி மாதந்தோறும் திருத்தி வைப்போம். யார் வீட்டில் அறுவை என்றாலும் ஒருவர் உடன் சென்று அந்த ஜன்னலின் முன் நிற்கட்டும். பொன்னாடைக்கும் பூமாலைக்கும் ஆகும் செலவை இவ்வாண்டு அவசர நிதியாக ஒதுக்குவோம்.

முதற் பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களிலும் இரவு வேலையில்லா நாட்களிலும் அழைத்தால் வருவோம். நம் தமக்கையார் இன்று ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். கொட்டிலில் இன்னும் மாடு கட்டவில்லை. அடுத்த வீட்டுக் கொட்டிலேனும் காலியாகாமல் காப்போம்.