ஒரு பொருளும் பல சொல்லும்

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை



நாம் கல்லூரி வாயில் கண்டவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கையோடு இரயில்வே அலுவலகத்திற் புகுந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலம் கழித்து வருகிறோம். ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச நம்மைத் தூண்டியது தேவை ஒன்றே. பிறந்த மண்ணை விட்டு இக் கங்கைச் சமவெளியில் வாழும் நமக்கு, வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று அமைந்துவிட்டது. விடுப்பு விண்ணப்பம் முதல் ஓய்வூதிய மனு வரை நம்மவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுகிறோம். அதில் ஒரு சொல் பிறழ்ந்தால் விளைவு என்ன என்பதே இன்றைய பேச்சு.

ஒரு பொருள் குறித்துப் பல சொல் வருதல் தமிழர் அறியாதது அன்று. பூவின் பருவங்களைப் பிரித்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. அரும்புவது அரும்பு, மலரும் நிலையில் நிற்பது போது, விரிந்தது மலர், வாடி உதிர்வது வீ. எல்லாம் பூவே. ஆயினும் மாலை தொடுப்பவரிடம் சென்று வீ கேட்பார் உண்டோ?

திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தந்தன. ஆங்கிலத்திலும் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1852-ஆம் ஆண்டில் ‘தெசாரஸ்’ என்னும் சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். சொற்களை அகர வரிசையில் அடுக்காது கருத்து வரிசையில் அடுக்கினார். அந்நூல் சொற்களுக்குப் பொருள் கூறவில்லை. தெரிந்த சொல் நாவில் வராது நிற்கும்போது நினைவூட்டுவதே அதன் பணி. தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்து ஆள்பவன், புட்டியின் நிறம் பார்த்து மருந்து வாங்குபவனை ஒப்பான். இன்று அத்தகைய பட்டியல் கைப்பேசியிலேயே கிடைக்கிறது; எனவே ஆபத்தும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

‘சரி’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலத்தில் ‘கரெக்ட்’, ‘அக்யுரேட்’, ‘எக்ஸாக்ட்’, ‘பிரிஸைஸ்’ எனப் பல சொற்களால் சொல்வர். இவை ஒன்றா? இலத்தீன் வேர்களை நோக்கின் வேற்றுமை புலனாகும். ‘கரெக்ட்’ என்பது நேராக்கப்பட்டது. பிழை நீங்கி விதியோடு பொருந்துவது. ‘அக்யுரேட்’ என்பது கவனத்தோடு செய்யப்பட்டது, உண்மையோடு பொருந்துவது. ‘பிரிஸைஸ்’ என்பது நறுக்கப்பட்டது, நுட்பமாக வரையறுக்கப்பட்டது. ‘எக்ஸாக்ட்’ என்பது கூடாமலும் குறையாமலும் முற்றும் ஒத்திருப்பது.

பார்சல் அலுவலகத்துத் தராசு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதில் 40 கிலோ எடைக்கல்லை ஏற்றினால் 43.275 கிலோ என்று காட்டுகிறது என்று கொள்வோம். கிராம் வரையில் காட்டுவதால் அது ‘பிரிஸைஸ்’. உண்மையினின்று விலகுவதால் ‘அக்யுரேட்’ அன்று. அந்த எடையை அப்படியே எழுதிப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் விதிப்படி நிரப்பினால், படிவம் நிரப்பிய முறை ‘கரெக்ட்’. அதிலுள்ள எடையோ உண்மை அன்று. பயணச்சீட்டுக்குரிய தொகையைச் சில்லறை மீதியின்றிக் கொடுப்பின் அது ‘எக்ஸாக்ட்’. ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் கணக்கே மாறிவிடும்.

நம் இரயில்வே இவ்வேற்றுமையைச் சட்டத்திலேயே பதித்து வைத்துள்ளது. 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி, பயணியை ஏற்றிச் செல்லும் கட்டணம் ‘ஃபேர்’. சரக்கை ஏற்றிச் செல்லும் கட்டணம் ‘ஃபிரைட்’. குறித்த நேரத்திற்கு மேல் வண்டியை நிறுத்தி வைப்பதற்குரிய கட்டணம் ‘டெமரேஜ்’. இறக்கிய சரக்கை உரிய நேரத்திற்குள் எடுத்துச் செல்லாமைக்குரியது ‘வார்ஃபேஜ்’. இரண்டும் தாமதத்தின் விலையே. ஆயினும் ஒன்று வண்டியைப் பற்றியது, மற்றொன்று சரக்கைப் பற்றியது.

இழப்பீடு கோரும் இடத்தில் இது இன்னும் தெளிவாகும். அச்சட்டம் ‘லாஸ்’, ‘டிஸ்ட்ரக்‌ஷன்’, ‘டேமேஜ்’, ‘டிடீரியரேஷன்’, ‘நான்டெலிவரி’ என ஐந்து சொற்களை ஆள்கிறது. பொருள் தொலைதல், அழிதல், சேதமுறுதல், தரங்கெடுதல், ஒப்படைக்கப்படாமை என அவற்றை நாம் கூறலாம். ஊரிலிருந்து வந்த சேலத்து மாங்கனிக் கூடை வழியில் அழுகினால் அது தரங்கெடுதல். ஆட்டுக்கல் இரண்டாகப் பிளந்து வந்தால் அது சேதம். பிளந்த கல்லுக்கு ‘லாஸ்ட்’ என்று எழுதினால், காணாமற்போன கல்லைத் தேட ஒரு கோப்பு திறக்கப்படும். கல்லோ நம் வீட்டு வாசலிலேயே கிடக்கும்! சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் கோரிக்கை அறிவிப்புச் சேரவேண்டும் என்பது விதி. வீண் கடிதங்களில் நாளைக் கழிக்க எவரால் இயலும்?

பொருளிழப்பினும் பெரிது பிழைப்பு. தொழிற்கூடமொன்றில் உதவியாளராயிருந்த நம்மவர் ஒருவர், மகளுக்குக் கடுங்காய்ச்சல் என்று செய்தி வரவே, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நேரம் முடியுமுன் வீடு திரும்பினார். மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கல்லூரியில் பயிலும் மகன் விடை எழுதினான். ‘லெஃப்ட்’ என்னும் சொல் மிக எளிதாய்த் தோன்றவே, கைப்பேசியில் தேடி, வேலையை ‘அபாண்டன்’ செய்ததாக எழுதிவிட்டான். தந்தைக்கு அது மதிப்புத் தரும் என்பது அவன் எண்ணம்.

‘லீவ்’ என்பது ஓரிடத்தை விட்டு நீங்குதல். ‘அபாண்டன்’ என்பது திரும்பும் எண்ணமின்றிக் கைவிடுதல். ‘டெஸர்ட்’ என்பதோ கடமையைத் துறந்து ஓடுதல். அக்கடிதம் அப்படியே சென்றிருப்பின், செய்யாத குற்றத்தைத் தம் கையொப்பத்தோடு தாமே ஒப்புக்கொண்டவராகியிருப்பார் அத்தந்தை. நல்வினையாக, கையெழுத்திடுமுன் நம் சங்கத்து மூத்தவர் ஒருவரிடம் அதைக் காட்டினார். அவர் பழைய ‘லெஃப்ட்’டையே மீட்டு வைத்தார், யாரிடம், எத்தனை மணிக்குச் சொல்லிச் சென்றார் என்பதையும் சேர்த்தார். விளக்கம் ஏற்கப்பட்டது. “தம்பி, பெரிய சொல் உன் படிப்பைக் காட்டும், பொருந்திய சொல்தான் உன் அப்பாவைக் காக்கும்” என்று அம்மூத்தவர் பையனிடம் கூறியதை நாம் மறக்கவில்லை.

இளைஞர்களே, ஆங்கிலத்தில் எழுதப் புகுமுன் சொல்ல வந்ததைத் தமிழில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிப் பாருங்கள். பின்னர், கையில் வந்த ஆங்கிலச் சொல் அதன் உடன்பிறப்புகளினின்று எங்கே வேறுபடுகிறது என்பதை, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் நல்ல அகராதியிற் காணுங்கள். அச்சொல்லைப் படிப்பவர் அதன்மேல் என்ன நடவடிக்கை எடுப்பார் என்பதையும் எண்ணுங்கள். ஐயம் நீங்காவிடின் எளிய சொல்லையே எழுதுங்கள்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்துப் படிப்பறையில் நல்ல ஆங்கில அகராதி ஒன்று எப்போதும் மேசைமேல் இருக்கவேண்டும். ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம், மனு எழுத வேண்டியவர் எவரும் அங்கு வரலாம் என்று அறிவிப்போம். நாமும் வந்து அமர்கிறோம். அயலூரில் உறவின்றி வாழும் நமக்கு, ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்ப்பதும் உறவே ஆகும்.