கரண்டியைத் திருப்பிக் கொடுப்போம்



தலைமை உரை நீண்டால் முதல் அமர்வு சாப்பாட்டு வேளையில்தான் தொடங்கும் என்பது நம் மாநாடுகளின் மரபு. அந்த மரபை மீற விரும்பி, ஒரே ஒரு கருத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் வீடுகளில் வயதானவர்களை முடக்கிப் போடுவது பெரும்பாலும் பாசம்தான். "நீங்க ஏம்மா கஷ்டப்படுறீங்க, சும்மா உக்காருங்க" என்று முதலில் கையிலிருக்கும் கரண்டியை வாங்கிக்கொள்கிறோம். அடுத்து காய் நறுக்குவது போகிறது. பிறகு ரேஷன் கடை, பூஜைக்குப் பூப் பறிப்பது, பேரனைப் பள்ளியில் விடுவது. உட்கார்ந்தே இருப்பவருக்குத் தொடைத் தசை இளைக்கும், எழும்போது தடுமாறுவார். தடுமாறுகிறாரே என்று இன்னும் அதிகமாக உட்கார வைப்போம். கேட்டால், அம்மாவை ராணி மாதிரி வைத்திருக்கிறோம் என்போம்.

மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபி என்று வழங்கும் தொழில்வழிச் சிகிச்சை இந்த இடத்தில்தான் குறுக்கே வந்து நிற்கிறது. பக்கவாதம் வந்து வலக்கை பலமிழந்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது காலையில் தன் காபியைத் தானே போட்டுக்கொள்வது. தெரபிஸ்ட் அவர் கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதோடு நிற்பதில்லை, அடுப்படிக்கே போகிறார். நின்றால் களைப்பு என்பதால் உயரமான முக்காலி. காபிப்பொடி டப்பா எட்டும் உயரத்துக்கு இறங்குகிறது. பிடி தடித்த கரண்டி. ஒற்றைக் கையால் காய் நறுக்க, ஆணி பதித்த பலகை. கத்தரிக்காயை ஆணியில் குத்திவிட்டால் அது உருளாது. ரவிக்கை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இவ்வளவு சின்ன விதி தெரியாமல் எத்தனை மருமகள்கள் தினமும் அரைமணி நேரம் போராடுகிறார்கள்!

"முதியோர் சங்கத்தில் நாலு பேரோடு பேசிச் சிரித்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. லாஸ் ஏஞ்சல்ஸில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃப்ளோரன்ஸ் கிளார்க் குழுவினர் இதையே சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய, தனித்து வாழும் திறனுள்ள 361 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதத் தொழில்வழிச் சிகிச்சை; இன்னொன்றுக்குக் கைவினை, சினிமா, விளையாட்டு, சுற்றுலா; மூன்றாவதற்கு எதுவும் இல்லை. முதல் பிரிவினர் உடல்நலம், அன்றாடச் செயல்பாடு, மனநிறைவு எனப் பலவற்றில் முன்னே நின்றார்கள். சினிமாவும் சுற்றுலாவும் பெற்றவர்கள், எதுவுமே பெறாதவர்களைவிட மேலாக இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. முதல் பிரிவினர் பொழுது போக்கவில்லை. பேருந்தில் எப்படிப் போவது, வீட்டில் விழாமல் எப்படி இருப்பது, தன் நாளைத் தானே எப்படி அமைத்துக்கொள்வது என்று பழகினார்கள்.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா சான்டன் உருவாக்கிய 'கேப்பபிள்' திட்டம் இன்னும் துணிச்சலானது. வருமானம் குறைந்த முதியவரின் வீட்டுக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆறுமுறை வரை, செவிலியர் நான்குமுறை வரை போவார்கள்; கூடவே மராமத்து வேலைக்காரர் ஒருவர். ஆடும் கைப்பிடியை இறுக்குவதும் குளியலறையில் பிடிகம்பி பொருத்துவதும் அங்கே சிகிச்சைக் கணக்கில் வருகின்றன. சோதனையில் ஐந்து மாதத்தில் அன்றாடச் செயல்களில் பட்ட சிரமம், திட்டம் பெறாத பிரிவினரைவிட இவர்களுக்கு நன்கு குறைந்தது.

எல்லாம் வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பால்டிமோரில் ஓராண்டு கழிந்தபோது அந்த வேறுபாடு மங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் முறையைத் தழுவி பிரிட்டனில் நடந்த 'லைஃப்ஸ்டைல் மேட்டர்ஸ்' ஆய்வு, 2017இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு காலம் என்பது இன்னும் திறந்த கேள்வி. நம் அமர்வுகள் அதில்தான் சூடு பிடிக்க வேண்டும்.

நமக்கு இத்துறை புதிதன்று. கமலா நிம்ப்கர் பம்பாயில் இதற்கான பள்ளியைத் தொடங்கியது 1950இல். ஆசியாவின் முதல் பள்ளிகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் தமிழ்நாட்டில் முதியவரின் வாசற்படி வரை இத்துறை போய்ச் சேர்ந்ததா? 2011 கணக்கெடுப்பிலேயே நம் மக்களில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகத் தன்னார்வலரும் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீடு தேடி வருகிறார்கள். நல்ல ஏற்பாடு. அவர்களோடு ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரும், பக்கத்துத் தெருக் கொத்தனார் ஒருவரும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் கோரிக்கை. வழுக்கும் தரையும், உயர்ந்த நிலைப்படியும், குந்தி உட்காரும் கழிப்பறையும் மாத்திரையால் சரியாவதில்லை.

கட்டுரை வாசிக்கப் போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டவணைகளைக் காட்டுவதற்கு முன், உங்களிடம் வந்த முதியவர் எந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆசைப்பட்டார், அதை இப்போது செய்கிறாரா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.