கோடு போடுவதற்கு முன்னாலேயே பேசணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நானும் உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர்தான். பகலில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். “பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றதையே எங்களுக்கும் சொல்லுங்க டீச்சர்” என்றார் தலைவி அம்மா. அதனால் தொகுதி மறுவரையறைப் பாடத்தையே எடுத்து வந்திருக்கிறேன்.

புத்தகத்தைப் படித்தபோது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கோலமாவை எடுத்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு சிவப்பு, மற்ற மூன்று வெள்ளை. ஆக சிவப்பு 6, வெள்ளை 9. ஒரு புள்ளி ஒரு ஓட்டு. ஐந்தைந்தாகக் கோடு போட்டு மூன்று தொகுதி ஆக்கச் சொன்னேன்.

வரிசைப்படி நேராகக் கோடு போட்டவர்களுக்கு மூன்று தொகுதியும் வெள்ளைக்கே போனது. ஒரு மாணவி கோட்டை வளைத்து வளைத்துப் போட்டாள். இரண்டு தொகுதி சிவப்புக்கு வந்துவிட்டது! “நியாயமாப் பார்த்தா வெள்ளைக்கு ரெண்டு, சிவப்புக்கு ஒண்ணுதானே வரணும் மிஸ்?” என்றான் ஒரு பையன். புள்ளி நகரவில்லை, கோடு மட்டும்தான் மாறியது. வீட்டில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பிறகு நம் ஊர்க் கணக்கைச் சொன்னேன். இப்போதுள்ள தொகுதி எல்லைகள் 2001 மக்கள்தொகையை வைத்து 2008-ல் போட்டவை. அதற்குப் பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் ஜனம் பெருகிவிட்டது. 2021-ல் சோழிங்கநல்லூர் தொகுதியில் 6 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். துறைமுகத்தில் 2 லட்சம்கூட இல்லை. மயிலாப்பூரையும் தி.நகரையும் சேர்த்தாலும் சோழிங்கநல்லூருக்கு எட்டாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே எம்.எல்.ஏ.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். “எங்க சித்தி சைதாப்பேட்டை ஆத்தோரத்துல இருந்தாங்க. வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கத்துக்கு மாத்திட்டாங்க. அவங்க ஓட்டு சின்னதாயிடுச்சா மிஸ்?”

எனக்குத் தொண்டை அடைத்தது. பெரும்பாக்கம் சோழிங்கநல்லூர் தொகுதிதான். “ஓட்டு ஒண்ணுதாம்மா. ஆனா அவங்க குறையைக் கேக்க வேண்டிய ஒருத்தரை இப்போ ரெண்டு மடங்கு பேர் பங்கு போட்டுக்கறாங்க” என்றேன். நம் குழுக்களிலிருந்தும் அப்படிப் போன அக்கா தங்கைகள் இருக்கிறார்கள் இல்லையா?

மாநிலத்துக்கும் இதே கவலை உண்டு. 1967-ல் நம் எம்.பி. இடங்கள் 41-லிருந்து 39 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976-ல் இடங்களின் எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்திவைத்தார்கள். அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்துகொண்டது யார்? பெரும்பாலும் நம் அம்மாக்கள்தான்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-ல் 234 எம்.எல்.ஏ.க்களில் பெண்கள் 12 பேர். மூன்றில் ஒரு பங்கு தர 2023-ல் சட்டம் வந்தது. ஆனால் கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அதனால் இரண்டே வேண்டுகோள். 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது நம் தெருவில் ஒரு வீடும், ஒரு தலையும் விடுபடக் கூடாது. மறுவரையறை ஆணையம் முதலில் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். அப்போதே கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு எழுதிக் கொடுக்கணும். இறுதி ஆணை வந்துவிட்டால் கோர்ட்டில் மாற்றுவது மிகக் கஷ்டம்.

குழுக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். இதுவும் நம் கணக்குதான் சகோதரிகளே.