காவிரிக்கரையும் பழைய நிழற்படங்களும்

(தொட்டியத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் சிறப்பு மலருக்காக வீடுதோறும் பழைய படங்களைத் திரட்டும் பணி சில திங்களாக நடந்து வருவது தாங்கள் அறிந்ததே. திரட்டியவற்றை வகைப்படுத்தும் பொறுப்பு எம்மிடம் வந்தது. பள்ளியிற் பிள்ளைகட்கு இலக்கணம் சொல்லிக் காலங்கழிக்கும் எமக்கும் படத்துக்கும் யாது தொடர்பு என்று முதலில் மயங்கினோம். பெட்டியைத் திறந்து பார்த்தபின் அம்மயக்கம் நீங்கி வேறொரு கவலை தோன்றிற்று. அக்கவலையைத் தங்கள் முன் வைப்பதற்கே இன்று எழுந்து நிற்கிறோம்.

புகைப்படம் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதிற் புகை யாதொன்றும் இல்லை. ஒளி பட்ட இடம் கறுக்கும் வெள்ளியுப்பின் இயல்பால் உண்டாவது அது. ஆதலின் ஒளிப்படம் என்றோ நிழற்படம் என்றோ கூறுதலே பொருந்தும். சொல்லைக் கண்டால் நின்று விசாரித்துவிட்டுப் போவது பண்டிதர்க்குள்ள வியாதி, பொறுத்தருள்க.

நம் காவிரிக்கரையை முதன்முதல் நிழற்படத்திற் பதித்தவர்களுள் தலையாயவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர். அவருக்கு முன்பே, 1792-ஆம் ஆண்டளவில் தென்னாட்டிற் சுற்றிய தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஓவியர் இருவர் ஆற்றிலிருந்து தோன்றும் திருச்சிராப்பள்ளி மலையைத் தீட்டிச் சென்றனர். ஆயினும் ஓவியன் தன் மனத்துக்கு இசைந்தவாறு ஒரு மரத்தைக் கூட்டலாம், ஒரு குடிசையைக் குறைக்கலாம். டிரைப்போ சென்னை மாகாண அரசாங்கத்தாரால் நிழற்படம் எடுப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர். 1857 டிசம்பரிற் பெங்களூரை விட்டுப் புறப்பட்டு, மாட்டு வண்டிகளிற் கருவிகளை ஏற்றிக்கொண்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்னும் ஊர்களிற் படமெடுத்தார். அவை 1858-இல் ஊர்வாரியாகத் தொகுதிகளாக வெளிவந்தன. திருவரங்கத்துக்கு ஒன்று, திருச்சிராப்பள்ளிக்கு ஒன்று எனத் தனித்தனித் தொகுதிகள் உண்டு.

தஞ்சையில் அவர் செய்த காரியம் எம்போன்றோர் நெஞ்சைக் கவர்வது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியோடும் கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். தமிழ் எழுத்தை வாசிக்க அறியாத ஒருவர், ஓரெழுத்தும் விடாமல் அதனைக் காத்து வைத்தார். வாசிக்க அறிந்த நாம் எத்தனைக் கல்வெட்டின்மேற் சுண்ணாம்பு பூசியிருக்கிறோம் என்பதை எண்ணினால் வெட்கமாயிருக்கிறது.

நிற்க. அப்படங்களில் இரண்டு குறைகள் உண்டு. அவர் வழங்கிய கருவி மெழுகு பூசிய தாளிற் படத்தை வாங்குவது. அதற்கு நல்ல வெயிலிலும் நிமிஷக்கணக்கிற் பெட்டியின் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். அத்தனை நேரமும் அசையாது நிற்பது கல். ஆறு நிற்குமோ? ஓடும் நீர் படத்தில் வெறும் வெள்ளைத் துணி விரித்தாற்போல் விழும். துறையிற் குளிப்பவர், சந்தைக்குப் போகிறவர், தலைச்சுமையோடு நடப்பவர் யாவரும் படத்திற் பதியாமலே கரைந்து போவர். வானத்து மேகமும் பதியாதாகையால் அவர் அதனை மூலத்தாளின்மேல் தூரிகையால் தீட்டிச் சேர்த்ததும் உண்டு. மேகத்துக்குத் தூரிகை எடுத்தவர் மனிதருக்கு எடுக்கவில்லை. ஆகவே அக்காலத்துத் திருவரங்கமும் மலைக்கோட்டையும் மக்கள் குடிபெயர்ந்து போன ஊர்கள்போல் இன்று நமக்குத் தோன்றுகின்றன. அங்கே மக்கள் இருந்தனர், அசைந்துகொண்டிருந்தனர், அவ்வளவே அவர்கள் செய்த குற்றம்.

1859-இல் சென்னைக்கு ஆளுநராய் வந்த சார்லஸ் டிரெவெலியன் என்பவர் இத்தனைச் செலவு வேண்டுவதில்லை என்று கருதி அவ்வேலையை நிறுத்திவிட்டார். அப்பணி அத்துடன் ஒழிந்தது. அவர் எடுத்த படங்கள் பின்னர் இலண்டனிற் சேர்ந்தன. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் இலண்டனிலும் பெருங்கண்காட்சியாக வைக்கப்பெற்றன. நம் ஊர்க் கோபுரத்தின் பழைய தோற்றத்தைக் காண நாம் கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை பின்னால் வந்தது, முன்னதினும் பெரிது. கருவி விரைவுபட்டு மனிதரையும் பதிக்கும் காலம் வந்ததும், படமெடுத்தோர் மனிதரை மனிதராகப் பார்க்கவில்லை. 1868 முதல் 1875 வரை இலண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் நூலைப் புரட்டினால், பெரும்பாலும் படத்தின்கீழ்ச் சாதியின் பெயர் இருக்கும். நிற்பவன் பெயர் இராது. சென்னை அரும்பொருட்சாலைத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி வெளியிட்டார். அவர் மனிதரின் தலையையும் மூக்கையும் கருவியால் அளந்தவர். அந்நூலிற் பயனுள்ள செய்திகள் பல உள. நாமும் நம் குலவரலாற்றுக்கு அதனையே மேற்கோள் காட்டுகிறோம். ஆயினும் படத்தில் நிற்கும் பாட்டனாருக்கு ஒரு பெயர் இருந்ததே, அவரை ஒருத்தி பெயர்சொல்லிப் பெற்று வளர்த்தாளே என்னும் எண்ணம் அதனைப் பார்க்குந்தோறும் எமக்கு வருகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். தென்கரையில் திருச்சிராப்பள்ளியினின்று கரூர் வழியாக ஈரோடு செல்லும் இருப்புப்பாதை 1860-களிலே போடப்பட்டது. படமெடுப்போரும் பெரும்பாலும் இரயில் போன வழியே போயினர் என்பது எம் கருத்து. வடகரையிலுள்ள தொட்டியம், காட்டுப்புத்தூர், முசிறிப் பக்கங்கட்கு அவர்கள் அருமையாகவே வந்தனர். சீனிவாசநல்லூர்க் குரங்கநாதர் கோயில் சோழர் காலத்துச் சிற்பத்துக்காக அறிஞரால் படமெடுக்கப்பெற்றது. அக்கோயிலைச் சுற்றியிருந்த வாழைத் தோட்டத்தையும் வெற்றிலைக் கொடிக்காலையும் கோரைப்பாய் நெய்த வீட்டையும் எவர் எடுத்தார்?

ஆறோ, நாம் படமெடுக்கும் வரை காத்திருப்பதில்லை. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால் தண்ணீரெல்லாம் அதன் வழியே ஓடிக் காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்தது. அதனைத் தடுத்துக் காவிரிக்கு நீரைத் திருப்பவே அவ்வணை எழுந்தது. 1924 ஜூலையிற் பெருவெள்ளம் வந்தது. எம் பாட்டியார் அப்போது கைக்குழந்தை. வீட்டில் எவர் வயதைக் கேட்டாலும் 'வெள்ளத்துக்கு முன்னா பின்னா' என்றே கணக்கு நடக்கும். 1925-இல் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-இல் முடிந்தது. அவ்வணைக்குள் மூழ்கிய ஊர்களின் அடையாளமாக இன்றும் நீர் வற்றுங்காலத்தில் ஒரு நந்தியும் ஒரு கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் தலைகாட்டுகின்றன. அங்கிருந்த தெருக்களைக் காண வழியில்லை. 2018 ஆகஸ்டு 22-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. அன்று கையிற் செல்பேசி இல்லாதவர் இல்லை. ஆயிரம் ஆயிரமாய்ப் படம் எடுத்தனர். இடிவதற்கு முதல்நாள் எடுத்த படம் எத்தனை பேரிடம் உண்டு? திருவரங்கத்துத் தெற்கு இராயகோபுரம் 1987-இல் முற்றுப்பெறும் வரை நானூறு ஆண்டுக்குக் குறையாமல் மொட்டையாய் நின்றது. அதன் மொட்டைத் தோற்றத்தைக் கண்ணாற் கண்டோர் இக்கூட்டத்திற் பலர் இருக்கிறீர்கள். தங்கள் பிள்ளைகள் படம் காட்டினாலன்றி நம்பமாட்டார்கள்.

எம் வீட்டில் நேர்ந்ததொன்றைச் சொல்லுவோம். எம் தாயாரின் தாய்வீட்டுப் படம் ஒன்று, பதினான்கு பேர் அமர்ந்தும் நின்றும் இருப்பது, சட்டத்துக்குள் சோற்றுப் பசையால் ஒட்டி மாட்டப்பட்டிருந்தது. ஒரு மழைக்காலத்திற் கறையான் பின்புறமாய் ஏறி அரைப்பங்கைத் தின்றது. மிஞ்சியவர்களுள் மூவர் இன்னாரென்று சொல்லத் தெரிந்த தாயாரும் அதற்கு முந்திய ஆண்டு காலமானார். கேட்டு எழுதிக்கொள்ள நாற்பது ஆண்டு எமக்கு அவகாசம் இருந்தது. நாளும் பிறர் பிள்ளைகளைப் பிழையின்றி எழுதுக என்று கடிந்துகொள்ளும் யாம், தாயிடம் மூன்று பெயர் கேட்டு எழுதவில்லை.

இப்போது எம் கவலைக்கு வருகிறோம். மலருக்கு வந்த படங்களுள் ஒன்று, 1951 என்று பின்புறம் மையால் எழுதியது. ஆற்றங்கரையில் வாழைத்தார்கள் குவிந்துகிடக்கின்றன. லாலாப்பேட்டைக் கரைக்குப் போகும் பரிசல் நிற்கிறது. நடுவே நம் குலத்துப் பெரியவர் ஒருவர் குடையோடு நிற்கிறார். இடப்பக்க ஓரத்திற் பரிசல்காரர் துடுப்பை ஊன்றி நிற்கிறார். அவருக்குப் பின்னே தாரைத் தலையில் ஏற்றியபடி இரண்டு பெண்கள். மலர்க் குழுவில் அன்பர் சிலர், 'ஓரத்தில் உள்ளோர் நம்மவர் அல்லர். அப்பகுதியை வெட்டிவிட்டுப் பெரியவரை மட்டும் பெரிதாக்கிப் போடலாம்' என்றனர். கெட்ட எண்ணத்தாற் சொன்னாரல்லர். பக்கம் சுருங்கியது, சங்கத்து மலராயிற்றே என்று கருதியே சொன்னார்கள்.

அவர்கட்கு யாம் கூறியது இது. அந்தப் பரிசல்காரர் இல்லையேல் பெரியவரின் தார் அக்கரை சேர்ந்திராது. பெரியவரும் அதனை அறிந்தே அவர்களையும் உடன் நிறுத்திப் படமெடுத்தார். அவர் நிறுத்தியவரை வெட்ட நமக்கு யார் உரிமை தந்தார்? மதுரகாளியம்மன் பங்குனித் தேரைத் தோளிற் சுமக்கிறோமே, அப்படத்திற் பெயரெழுதிக் கொடுத்தவர் தோளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றத் தோள்களை வெட்டினால் தேர் எதன்மேல் நிற்கும்? குழுவில் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எம் மனம் மாறவில்லை என்பதை இங்கேயும் பதிவு செய்கிறோம்.

படத்தைப் பேணும் முறையைச் சுருங்கச் சொல்வோம். ஒட்டுநாடாவும் பசையும் கூடா. பின்புறத்தில் மையால் எழுதாதீர்கள், ஊறும்; மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுக. ஈரச்சுவரில் மாட்டாதீர்கள். சங்கத்துக்குக் கொடுத்தால் வருடியிற் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் தங்களிடமே திருப்பிக் கொடுப்போம். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தோர், பிரிட்டிஷ் நூலகத்தின் பொருளுதவியோடு தேடிப் பிரதி செய்தனர். எங்கோ இருப்போர்க்கு உள்ள அக்கறை வீட்டுக்குடையோராகிய நமக்கு இருத்தல் கூடாதோ? கல்யாணப் படம் மட்டும் வேண்டுவதில்லை. கொடிக்கால், ஏற்றம், பாய்த்தறி, பரிசல்துறை, மாயனூர்க் கதவணை எழுவதற்கு முந்திய மணற்படுகை, எது கிடைப்பினும் கொணர்க.

சென்ற வாரம் அப்பரிசல் படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு துறைப்பக்கத்துக் குடியிருப்புக்குப் போனோம். முதியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்தார். 'இது எங்க அப்பாருங்க' என்றார். அவர் வீட்டில் தகப்பனார் படம் ஒன்றுமில்லை. பெயரைக் கேட்டுப் பென்சிலாற் பின்புறம் எழுதிக்கொண்டு, பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். பின்னால் நிற்கும் பெண்கள் இருவர் இன்னாரென்று அவருக்கும் தெரியவில்லை. படம் அதோ மேடையருகில் மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் முதிய தாய்மார்கள் வந்து பார்த்து, அறிந்தவர் சொல்லுக. பென்சில் எம் பையில் இருக்கிறது.